எட்டுப் பெட்டிப் பிரபஞ்சம்

கல்லூரியின் பெரிய கணினி தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த அன்று மாலை, இயற்பியல் பேராசிரியர் வீட்டிலேயே ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி எடுத்த முடிவு அது. மனைவிக்குத் தெரியாமல் கட்டுவது என்ற துணை முடிவைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு எடுத்தார். முதல் முடிவைவிட இதற்குத்தான் அதிக தைரியம் வேண்டியிருந்தது.

அவர் போட நினைத்த கணக்கு சின்னது அல்ல. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட ஒரு கூட்டம், அதே அளவுள்ள இன்னொரு கூட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. ஒரு நட்சத்திரம்கூட இன்னொன்றின் மேல் இடிப்பதில்லை. நடுவில் அவ்வளவு வெற்றிடம். ஆனாலும் உள்ளே போன உருவத்தில் இரண்டுமே வெளியே வருவதில்லை. ஒன்றின் இழுப்பில் மற்றது வளைந்து, நீண்டு, வால் முளைத்து, வேறொன்றாகி வருகிறது. பதினொரு வருடமாக இதை நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் கை மயிர் எழும்பி நிற்கும். எந்த வளைவு எப்போது நேர்கிறது என்று படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டினால் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேச அழைப்பதாகக் கடிதம் வந்திருந்தது. கடைசித் தேதியும் போட்டிருந்தார்கள்.

கல்லூரிக் குழுவோ பெரிய கணினியைப் பொறியியல் துறையின் பாலக் கணக்குக்குக் கொடுத்துவிட்டது. பாலம் இடிந்தால் நாலு பேர் கேட்பார்கள், நட்சத்திரம் இடித்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார் குழுத் தலைவர். இடித்துக்கொள்ளாது என்பதுதான் விஷயமே என்று பேராசிரியர் விளக்க ஆரம்பித்தபோது எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

வழி ஒன்று அவருக்கு முன்பே தெரியும். பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி. கார் பறப்பதையும் கட்டடம் சரிவதையும் கண் இமைப்பதற்குள் வரைந்து காட்டுவதற்காக அதற்குள் வைத்திருக்கும் சில்லு, அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காத அசுரன். செய்ய ஆகும் செலவைவிடக் குறைத்துத்தான் கம்பெனி அதை விற்றது. பெட்டியில் விட்டதைத் தனியாக விற்கும் கேம் தட்டுகளில் பிடித்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம். பழைய மாடலில் கேமை ஒதுக்கிவிட்டு வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியும். அப்படி எட்டை வாங்கி, கம்பியால் கோத்து, ஒரே கணக்கை எட்டாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். கேம் தட்டு ஒன்றுகூட வாங்கப்போவதில்லை என்பதில் அவருக்குத் தனி ஆனந்தம். உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றை ஒரு கல்லூரி வாத்தியார் ஏமாற்றப்போகிறார்.

பழைய சாமான் கடைக்காரர் முதல் இரண்டு பெட்டிகளைக் கேள்வி கேட்காமல் கட்டிக் கொடுத்தார். மூன்றாவது பெட்டி வாங்கப் போனபோது எந்த கேம் தரட்டும் என்று கேட்டார். கேம் வேண்டாம் என்றார் பேராசிரியர். ஐந்தாவதின்போது கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சார், வீட்ல எத்தனை பிள்ளைங்க?"

"பிள்ளைங்க இல்ல."

"அப்ப நீங்க விளையாடறீங்களா?"

"யாரும் விளையாடல. ஒண்ணோட ஒண்ணைக் கோக்கப்போறேன்."

கடைக்காரர் அவரையே சற்றுப் பார்த்துவிட்டு, கம்பியை மட்டும் இலவசமாகக் கொடுத்தார். உடம்பு சரியில்லாதவர்களிடம் காட்டும் பரிவு அதில் இருந்தது.

சனிக்கிழமைக்கு ஒன்று வீதம், விடைத்தாள் கட்டு கொண்டுவரும் பையில் போட்டுப் பெட்டிகளை வீட்டுக்குள் கடத்தினார். பரணில், பழைய ஆய்விதழ்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். இதில் இருந்த ஆபத்து என்னவென்றால் அவருடைய மனைவி ஒரு கட்டிங் மாஸ்டர். சீருடை தைக்கும் கம்பெனியில் நாற்பது மிஷின்கள் ஓடுவதும் நிற்பதும் அவள் கையில் இருந்தது. நூற்றிருபது அடுக்காக விரித்த துணியின்மேல் ஒரே முறை கத்தி இறக்குகிறவள். கை ஒரு நூல் பிசகினால் நூற்றிருபது சட்டை வீண். இருபது வருடத்தில் பிசகியதில்லை. அப்படிப்பட்ட கண் இருக்கிற வீட்டில் எட்டு வாரம் கடத்தல் நடத்திவிட்டோம் என்று பேராசிரியர் தன்னை மெச்சிக்கொண்டிருந்தபோது, எட்டாவது சனிக்கிழமை, வெங்காயம் நறுக்கியபடியே அவள் கேட்டாள்:

"எட்டோட நிக்குமா, இன்னும் வருமா?"

"எது?"

"பரண்ல இருக்கிற விடைத்தாள். சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி தட்டு ஏற்பாடு பண்ணலாம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கீழ இருக்கறது சூடு தாங்காது."

எப்போது தெரியும் என்று கேட்டார். இரண்டாவது வாரமே தெரியுமாம். விடைத்தாள் திருத்தினால் அவர் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார், இந்த முறை பரண் பக்கம் போய்விட்டு வரும்போதெல்லாம் பாடிக்கொண்டு வந்தாராம்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். நட்சத்திரக் கூட்டங்கள், வெற்றிடம், வால், பாலம், மாநாடு. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டாள்.

"இதனால வீட்டுக்கு என்ன உபயோகம்?"

"பிரபஞ்சம் எப்படி உருவாச்சுன்னு தெரியும்."

"நான் வீட்டைக் கேட்டேன்."

மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு பழைய இரும்பு ரேக் வந்து இறங்கியது. துணிச் சுருள்கள் வைக்கிற ரேக், நாலு பக்கமும் திறப்பு. முன்னறையில் நிறுத்தினாள். தட்டுக்கு இரண்டாக எட்டுப் பெட்டிகளும் ஏறின. பேராசிரியர் இரண்டு வாரம் தரையில் உட்கார்ந்து கம்பி கோத்தார், இயங்குதளம் ஏற்றினார், பெட்டிகளை ஒன்றோடொன்று பேசவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டும் முதல்முறையாக ஒரே கணக்கைச் சேர்ந்து போட்டன.

அவர் எழுந்து நின்றுவிட்டார். எட்டு விசிறிகளும் ஒரே சுருதியில் இரைந்தன. விண்வெளியைப் பாளம் பாளமாக அறுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியும் தன் பாளத்து நட்சத்திரங்களை ஒரு அடி நகர்த்தும். எல்லை தாண்டியவை எவை என்று பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். பக்கத்துப் பெட்டி வாங்கிக்கொள்ளும். மறுபடி ஒரு அடி. எதுவும் தொலைவதில்லை, எதுவும் இரண்டு முறை எண்ணப்படுவதில்லை. திரையில் வெறும் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தவை மெல்லச் சுழலத் தொடங்கின. சுழலும் கைகள் முளைத்தன. யாரும் வரையவில்லை. ஒன்றையொன்று இழுக்க வேண்டும் என்ற ஒரே விதியைத்தான் அவர் கொடுத்திருந்தார். யாரோ வாங்கி, விளையாடி, சலித்து, கடையில் போட்டுவிட்டுப் போன பெட்டிகள்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவளும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருந்த ஈரத் துணித் துண்டுகளை ரேக்கின் மேல்தட்டுக் கம்பியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். நனைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துண்டுகள். இது என்ன என்று அதிர்ந்தார். இவ்வளவு அனல் சும்மாதானே போகிறது என்றாள்.

மாநாட்டுத் தேதிக்குப் பதினான்கு வாரம் இருந்தது. கணக்கு முடிய எட்டு வாரம் போதும். ஆனால் அவள் முன்னறையை விடுவதாக இல்லை. உபயோகமில்லாத சாமானை ஒரு மாதத்துக்குமேல் வீட்டில் வைத்திருந்த பழக்கம் தனக்கு இல்லை என்றும், அதற்குள் ஒரு உபயோகத்தைக் காட்டிவிட்டால் தானே அதற்குத் தூசி தட்டுவதாகவும் சொன்னாள். பேராசிரியருக்கு ரோஷம் வந்தது. எண்ணாக மாற்ற முடிகிற எந்த வேலையையும் இது செய்யும் என்றார். பேச்சுவாக்கில், "உன் வேலையையே செய்யும்" என்றும் சொன்னார்.

"என் வேலை கணக்கு இல்லீங்க. கை."

அவர் புன்னகை செய்தார். முதல் வருட மாணவர்களுக்கு வைத்திருக்கும் புன்னகை அது.

போட்டியின் விதிகளை அவரே எழுதினார். சட்டைக்கும் கால்சட்டைக்குமான பாகங்களின் வடிவத்தில் வெட்டிய அட்டைகளைத் துணியின்மேல் அடுக்கி, இடையில் வீணாகும் துணி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். அவள் ஒரு அடுக்கு போடுவாள், பெட்டிகள் ஒரு அடுக்கு போடும். பெட்டிகள் தோற்றால் ரேக்கைத் தூக்கிவிடலாம். ஜெயித்தால், ஃப்ரிட்ஜைப் போல, ஃபேனைப் போல இதையும் வீட்டுச் சாமானாக அவள் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு உபயோகம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இதை அவளை இரண்டு முறை சொல்லவைத்தார். அவள் இரண்டு முறையும் தடங்கலில்லாமல் சொன்னாள்.

அவளுடைய அடுக்கில் நூற்றுக்குப் பதினாறு பங்கு துணி வீணானது. பெட்டிகள் நாலு நாள் எடுத்துக்கொண்டன. ஒன்று ஒருவிதமாக அடுக்கிப் பார்க்கும், இன்னொன்று வேறுவிதமாக. நன்றாக வந்ததை மற்ற ஏழுக்கும் சொல்லும். அவை தங்களுடையதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு மேலும் நகர்த்திப் பார்க்கும். நான் சொன்னதுதான் சரி என்ற பிடிவாதம் எந்தப் பெட்டிக்கும் இல்லை. கல்லூரிக் கூட்டங்களில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. ஐந்தாம் நாள் காலை திரையில் ஒன்பது என்று வந்தது. பதினாறுக்கு ஒன்பது. அதைத் தாள் தாளாக அச்செடுத்து, ஒட்டி, முன்னறை முழுக்க விரித்துவைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

அவள் வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"காலர் குறுக்க கிடக்கு."

துணிக்கு நீளவாக்கு என்று ஒன்று உண்டாம். அந்தப் பக்கம் இழுத்தால் நெகிழாது, குறுக்கே இழுத்தால் நெகிழும். அட்டையை இஷ்டத்துக்குத் திருப்பினால் இரண்டாவது துவையலில் காலர் நாய்க்காது மாதிரி தொங்குமாம். தோற்றவர்கள் இப்படித்தான் புது விதி கண்டுபிடிப்பார்கள் என்று பேராசிரியருக்குத் தெரியும். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். எந்த அட்டையும் நீளவாக்கிலேயே நிற்க வேண்டும் என்று நிரலில் சேர்த்தார். அடுத்த வாரம் பன்னிரண்டு வந்தது. இப்போதும் அவளுடையதைவிட நாலு குறைவு.

"எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கே. கத்தி எந்த வழியா போகும்?"

கத்திக்கும் வழி விட்டார். கைக்குழி வளைவில் கத்தி சட்டென்று திரும்பாது என்றாள், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் விட்டார். பதின்மூன்று. விரித்துவைத்த தாளைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள்.

"இந்தச் சட்டையைப் போடறவருக்கு ரெண்டும் இடது கையா?"

கை அட்டை ஒன்றுதான், இரண்டு வேண்டும் என்று எழுதியிருந்தது, பெட்டிகள் ஒரே கையை இரண்டு முறை போட்டுவிட்டன. பிரபஞ்சத்தில் இடம் வலம் என்பது பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர் பேராசிரியர். அன்று மாலை முழுக்கத் திரையை விட்டு எழவில்லை. சரிசெய்துகொடுத்தார். பிறகு, ஒரே சைஸ் சட்டையை எவன் வேண்டுமானாலும் அடுக்குவான், ஏழு சைஸ் கலந்து அடுக்கட்டும் பார்க்கலாம் என்றாள். பெரிய சைஸின் இடுக்கில் சின்ன சைஸ் போய் உட்கார வேண்டும், அதுதான் வித்தை. சைஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் அவரே உட்கார்ந்து எண்களை மாற்ற வேண்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் நீங்கதான் வேணுமா? அப்ப மிஷின் எங்க வேலை செய்யுது, நீங்கதானே செய்யறீங்க" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் உழைத்து, சைஸையும் எண்ணிக்கையையும் யார் தட்டினாலும் தானாக ஓடும்படி அழகான முகப்பு ஒன்று செய்தார். அவளையே தட்டச் சொன்னார். அவள் பயந்ததுபோல ஒரு விரலால் தட்டினாள்.

இப்படியாக ஐந்து வாரம் போயிற்று. மீதி ஒன்பது வாரம். கணக்குக்கு எட்டு. இன்னும் இடம் இருந்தது.

ஐந்தாவது வார முடிவில் ஏழு சைஸ் கலந்த அடுக்கு தரையில் விரிந்து கிடந்தது. கலந்து அடுக்கியதில் அவளுடையது பதினைந்துக்கு இறங்கியிருந்தது. பெட்டிகளுடையது பதினொன்று. அவள் தாளின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள், திரும்பினாள், வேறொரு கோட்டில் வந்தாள். சாளரத்து வெளிச்சம் தாளின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அவ்வளவு நேரம்.

"இங்க பாருங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பெரிய சைஸ் கைக்குழிக்குள்ள சின்ன சைஸோட காலர் உக்காந்திருக்கு. அந்தக் காலரோட வளைவுல பாக்கெட் மூலை. இருபது வருஷமா இந்த அட்டைங்களைத் தொட்டுக்கிட்டு இருக்கேன். இதுங்க இப்படிப் பொருந்தும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவரும் குனிந்தார். இத்தனை நாள் எண்களாக மட்டும் பார்த்ததை அப்போதுதான் உருவமாகப் பார்த்தார். நூற்றுக்கணக்கான வளைவுகள். எதுவும் எதன்மேலும் இடிக்கவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதன் பொருட்டுக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் நெருங்கி நின்றது. தானே செய்த இயந்திரம்தான், ஆனாலும் அவர் கை மயிர் எழும்பி நின்றது.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனிமே இது வீட்டுச் சாமான். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை கல்லூரியில் பாடம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். இரண்டு நட்சத்திரக் கூட்டங்களின் ஆரம்ப எண்களைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். முன்னறையில் தெரியாத பெண்கள் இருவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"மாஸ்டர், மிஷின் சார் வந்துட்டாரு."

எட்டுப் பெட்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. திரையில் அவர் செய்த முகப்பு. அதில் அறுநூறு செவிலியர் சீருடை, ஏழு சைஸ். அதற்குக் கீழே வரிசையில் நடத்துநர் சட்டைகள். அதற்குக் கீழே ஒரு தீயணைப்பு நிலையம் முழுக்கவும் காத்திருந்தது. மனைவி உள்ளேயிருந்து அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள்.

விஷயம் மெதுவாக வெளிவந்தது. மருத்துவமனைக்காரர்கள் துணியை அவர்களே கொடுத்துவிட்டார்கள். அந்தத் துணிக்குள் அறுநூறும் வர வேண்டும், ஒரு முழம்கூடக் கூடுதல் கிடையாது. கையால் எப்படி அடுக்கினாலும் ஐந்நூற்று எழுபதைத் தாண்டவில்லை. அடுக்கிக் கொடுக்கும் கணினி வேண்டும் என்று கம்பெனியில் கேட்டாளாம். இத்தனை வருடம் கையால்தானே போட்டீர்கள் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்களாம். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பரணில் இரண்டாவது பெட்டி ஏறியதாம்.

பேராசிரியர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தக் காலர், கத்தி, இடது கை... எல்லாம் முதல்லயே உனக்குத் தெரியும்."

"தெரியாம இருக்குமா?"

"ஒரே தடவையா சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

அவர் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். செவிலியர் சட்டைக்கு நிரல் எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டிருந்தால், தன் நட்சத்திரங்களைக் காட்டி முதல் நிமிடத்திலேயே மறுத்திருப்பார். அவளைத் தோற்கடிப்பதற்காக என்றபோது ஐந்து வாரம் சோறு தண்ணீர் மறந்து எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இத்தனை நாளாகத் தன்னை இழுத்து வளைத்திருப்பதை, ஒரு இயற்பியலாளருக்கு உரிய வியப்போடு, அவர் இப்போது உணர்ந்தார். கோபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. வந்தது வியப்புதான்.

"என் கணக்கு இருக்கே" என்றார். "ஒன்பது வாரம்தான் இருக்கு."

"வீட்டுச் சாமான்தானே, உங்களுக்கு இல்லாமயா?" அவள் திரையைப் பார்த்து மனதுக்குள் எதையோ அடுக்கினாள். "ஞாயித்துக்கிழமை நாங்க வெட்டறதில்ல. அன்னைக்கு முழுசும் நீங்க எடுத்துக்கோங்க. நான் கிட்டகூட வர மாட்டேன்."

அந்தப் பெண்களில் ஒருத்தி, சார் ரொம்ப நல்ல மாதிரி என்றாள்.

பேராசிரியர் மாநாட்டுக்காரர்களுக்கு அடுத்த வருடம் வருவதாக எழுதினார். காரணம் என்ற இடத்தில், வேறு துறையின் பணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டியிருப்பதால் இயந்திர நேரம் கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட அந்த இரண்டு பெருங்கூட்டங்களும், வெற்றிடத்தைக் கடந்து ஒன்றையொன்று நோக்கி, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நகர்கின்றன.